திருப்பிப் பாருங்கள்: செட்டிநாட்டில் பழைய கவரிங் நகை சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

காரைக்குடிக்கு வருகிறோம், பழைய நகை பார்க்கணும் என்று யாராவது சொன்னால், தங்கமா கவரிங்கா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஒரு தயக்கம் வரும், அப்புறம் குரலைத் தாழ்த்தி "கவரிங்தான்" என்பார்கள். குரலைத் தாழ்த்த ஒரு காரணமும் இல்லை. தங்கத்துக்கு விலை போடுவது தராசு. கவரிங்குக்கு விலை போட உங்களுக்குக் கண் வேண்டும். அந்தக் கண் வருவதற்கு நான் பத்து வருடமாகக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன், முதல் உருப்படியை வாங்குவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டுப் பெட்டி

எங்கள் அப்பத்தாவிடம் ஒரு பர்மா அரக்குப் பெட்டி இருந்தது. அதில் சிவப்புக் கெம்பு வைத்த அட்டிகை ஒன்று, இரண்டு ஜோடி ஜிமிக்கி, மேல்கையில் போடும் ஒற்றை வங்கி ஒன்று, கொக்கி இல்லாத காசுமாலை. எல்லாம் கவரிங். நல்ல நகை இரும்புப் பெட்டியில் இருக்கும், மெட்ராஸுக்கு ரயில் ஏறும்போது கழுத்தில் இருப்பது இந்த அரக்குப் பெட்டி அட்டிகைதான். வசதி இருந்த வீட்டிலேயே இப்படித்தான் புழங்கினார்கள், ஆகவே பழைய வீட்டில் கவரிங் கிடைப்பதை வைத்து அந்த வீட்டின் நிலைமையை எடை போட்டுவிடாதீர்கள். ஆனால் நிலைமை மாறிய காலமும் உண்டு. 1930களின் பொருளாதார மந்தம், அப்புறம் 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தது, இரண்டும் சேர்ந்து ரங்கூனிலும் மோல்மீனிலும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளை ஆட்டிவிட்டன. தங்கம் ஒவ்வொன்றாக வெளியே போன வீடுகளில், அதே அச்சில் செய்த கவரிங் உருப்படி அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

எனவே முதலில் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் உட்காருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது யார் போட்டது, எந்த விசேஷத்துக்கு, எங்கே வாங்கியது என்று கேளுங்கள். கல்யாணப் படம் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கழுத்தில் கிடப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று. இப்படி ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் கிடைப்பது, ஒரு மாதம் கடை ஏறி இறங்கினாலும் கிடைக்காது. சொந்த ஊர் இது இல்லை, வீட்டில் பெட்டியும் இல்லை என்றால் கவலை வேண்டாம், இங்கே பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்கும்போது வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) சுவரில் மாட்டியிருக்கும் படங்களைக் கவனியுங்கள், அதுவும் பாடம்தான்.

இன்னொன்று, கீழடி. காரைக்குடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டம்தான். 2023இல் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். அங்கே கண்ணாடி மணி, சுடுமண் மணி, சூதுபவள மணி, சுடுமண் காதணி, தங்கத்தில் சிறு நகைகள் எல்லாம் இருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பும் மண்ணிலும் கண்ணாடியிலும் நகை செய்து ஆசையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி மணிகளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து நான் "போலி நகை" என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

கடைக்காரர் சொல்லும் சொற்கள்

சொல் தெரியாமல் போனால் விலை தெரியாது. கவரிங் என்றால் உள்ளே செம்போ வெள்ளியோ, மேலே தங்கத்தைப் போர்த்தியது. பழைய முறையில் மெல்லிய தங்கத் தகட்டைச் செம்போடு சேர்த்துச் சூட்டில் ஒட்டவைத்து, அப்புறம் அதைக் கம்பியாக இழுப்பார்கள் அல்லது தகடாக அடிப்பார்கள், அதனால் தங்கம் ஓரளவு கனமாக நிற்கும். ரோல்டுகோல்டு என்று பழைய ஆட்கள் சொல்வதும் ஏறக்குறைய இந்த வகைதான். கில்ட், முலாம் என்றால் மேல்பூச்சு. மின்சாரத்தில் பூசும் முறைக்கு இங்கிலாந்தில் எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை வாங்கியது 1840இல். பூச்சு மெல்லியது, சீக்கிரம் போகும். "ஒரு கிராம் கோல்டு" என்பதும் இன்றைய பூச்சு நகைதான், ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்று நம்பி வாங்காதீர்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்தது. ஐம்பொன் என்று இப்போது விற்பவை பெரும்பாலும் செம்புக் கலவை. சிதம்பரம் கவரிங் என்ற பெயர்ப்பலகையை எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பார்க்கலாம், அந்த ஊர்ப் பெயரே ஒரு வகைப் பெயராகிவிட்டது.

நாகர்கோவில் பக்கம் வடசேரியில் செய்யும் கோயில் நகை தனி. வெள்ளிக் கட்டடம் (கல் பதிக்கும் சட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள்), தங்க இழை, கெம்புக் கல், அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பரதநாட்டிய மேடையில் பார்ப்பதெல்லாம் இந்த மரபில் வந்தது. இங்கே கடையில் "வடசேரி" என்று ஒரு உருப்படியைக் காட்டினால், வெள்ளியா என்று கேட்டு, வெள்ளி என்றால் வெள்ளி எடையைத் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

முன்பக்கத்தை மறந்துவிட்டுத் திருப்புங்கள்

நகையைக் கையில் வாங்கியதும் முதல் வேலை, திருப்புவது. முன்பக்கம் விற்பதற்காகச் செய்தது, பின்பக்கத்தில்தான் செய்தவர் இருக்கிறார். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றும் ஒரு சின்னக் காந்தமும் கையில் இருந்தால் போதும், மீதிக்கு கைப்பேசி விளக்கு இருக்கிறது.

கையால் செய்த உருப்படியில் ஒரு பூ இன்னொரு பூ மாதிரி அச்சு அசலாக இருக்காது. இதழ் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், அரம் போட்ட கோடு தெரியும், பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடத்தில் சின்ன மேடு நிற்கும். வார்ப்பில் செய்தால் எல்லாப் பூவும் ஒரே மாதிரி, பின்பக்கம் சொரசொரப்பாகப் புள்ளி விழுந்திருக்கும், ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு ஓடும். வார்ப்பு நகை கெட்டது என்று நான் சொல்லவில்லை, கைவேலை என்று சொல்லிக் கைவேலை விலைக்கு அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது தேய்மானம். உண்மையிலேயே போட்டுப் போட்டுப் பழசான நகை, உடம்பில் உரசும் இடத்தில்தான் தேய்ந்திருக்கும்: அட்டிகையின் பின்பக்க மேடுகள், வளையலின் உட்புறம், கொக்கி போய் மாட்டும் வளையம், ஜிமிக்கியின் தொங்கும் கண்ணி. அங்கே பூச்சு போய் உள்ளே உள்ளது தெரியும். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, வெளிர் மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, கறுத்த சாம்பல் நிறமாக இருந்தால் வெள்ளியாக இருக்கலாம். ஒருவரும் தொடாத பள்ளத்தில் பூச்சு போயிருந்து, மேடு பளபளவென்று இருந்தால் யோசியுங்கள். பழசாகக் காட்டுவதற்காகக் கறுப்பு ஏற்றுபவர்களும் உண்டு. எல்லாப் பள்ளத்திலும் ஒரே அளவு கறுப்பு உட்கார்ந்திருக்கும், வெள்ளைப் பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் ஒட்டும்.

திருகாணியைக் கழற்றிப் பார்க்க மறக்காதீர்கள். பழைய தோட்டில் ஆசாரி ஒவ்வொரு திருகையும் அதன் சுரைக்கு (திருகு ஏறும் குழாய்க்கு) ஏற்றபடி தனியாகக் கடைந்திருப்பார், ஆகவே இடது காதுத் திருகு வலது காதில் ஏறாமல் அடம் பிடித்தால் சந்தோஷப்படுங்கள், அது நல்ல அடையாளம். புதிதாக மாற்றிய திருகு என்றால் மரை சீராக இருக்கும். மாற்றியது குற்றமில்லை, விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு காரணம்.

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது. ஒட்டாவிட்டால் இரும்பு இல்லை என்று மட்டும்தான் தெரியும், தங்கம் என்று ஆகிவிடாது. இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

எடை தெரிந்தால் இன்னும் ஒரு சோதனை செய்யலாம், கல் இல்லாத, பொள்ளல் இல்லாத உருப்படிக்கு மட்டும். சமையலறை மேசையில் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் காட்டும் சின்னத் தராசை வைத்து, வளையலை எடை போடுங்கள், 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வளையலை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் 20ஐ வகுக்க வேண்டும். 2.25 காட்டினால் விடை 8.9, அது செம்பின் அடர்த்தி. பத்தரை பக்கம் வந்தால் வெள்ளி, 22 காரட் தங்கம் என்றால் பதினேழுக்கு மேல் வரும், பித்தளை எட்டரையைச் சுற்றி நிற்கும். தண்டட்டி, பாம்படம் மாதிரி உள்ளே அரக்கு அடைத்த காதணிகளுக்கு இது பொருந்தாது. கெம்பு அட்டிகையைத் தண்ணீரில் விடவே கூடாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கல்லைப் பார்த்துக் காலத்தைக் கணிப்பது

"இது நூறு வருஷத்துச் சாமான்" என்ற பேச்சு எல்லாக் கடையிலும் கேட்கும். மறுத்துப் பேச வேண்டியதில்லை, கல்லைப் பார்த்தால் போதும். ஏடி கல் என்று நாம் சொல்லும் அமெரிக்கன் டைமண்ட், அதாவது க்யூபிக் ஜிர்கோனியா, கடைக்கு வந்ததே 1976 வாக்கில்தான். அந்தக் கல் முதலிலிருந்தே பதித்திருந்தால் அந்த நகைக்கு ஐம்பது வயதுக்கு மேல் போகாது. செயற்கை மாணிக்கம் அப்படியில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் ஆகுஸ்ட் வெர்னுய் அதை உருவாக்கும் முறையை வெளியிட்டது 1902இல், ஆகவே நம் பாட்டிமார் காலத்து நகையிலும் செயற்கைக் கல் இருக்க இடமுண்டு. செயற்கை என்பதால் புதிது என்று தள்ளிவிடாதீர்கள். லென்ஸில் பார்த்தால் வெர்னுய் முறைக் கல்லுக்குள் வளைந்த மெல்லிய கோடுகள் தெரியும், கண்ணாடியில் உருண்டைக் குமிழி இருக்கும், முனைகள் மழுங்கியிருக்கும்.

கண்ணாடிக் கல்லை வைரம் மாதிரி ஜொலிக்க வைத்த பெருமை, 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஸ்ட்ராஸ் என்பவருக்கு. ஈயம் சேர்த்த கண்ணாடியைப் பட்டை தீட்டி அரச சபை வரைக்கும் கொண்டுபோனார். 1895இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி ஆஸ்திரியாவின் வாட்டென்ஸில் ஆலை வைத்து இயந்திரத்தில் பட்டை தீட்ட ஆரம்பித்த பிறகு கல் மலிந்தது. 1920களில் கோகோ ஷனெல் கண்ணாடியையும் செயற்கை முத்தையும் வெட்கப்படாமல், அசல் நகையோடு கலந்தே போட்டுக் காட்டினார், பணக்காரப் பெண்களும் அதைப் பின்பற்றினார்கள். அப்பத்தாவின் அரக்குப் பெட்டியும் அந்தப் பாரிஸ் கடையும் ஏறக்குறைய ஒரே காலம், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

கப்பல் போன குடும்பங்களில் சீமை புரூச்சும் எப்போதாவது கண்ணில் படும். பின்பக்கத்தில் கம்பெனிப் பெயரோடு வட்டத்துக்குள் ஆங்கில சி எழுத்து இருந்தால், அமெரிக்க உருப்படி என்றால் பெரும்பாலும் 1955க்குப் பிறகு வந்தது. டிரைஃபாரி என்ற நகைக் கம்பெனி அந்த வருடம்தான் நீதிமன்றத்தில், கவரிங் நகையின் வடிவத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்று வென்றது.

நம் நாட்டுக் கவரிங்குக்கு இன்னொரு வருடத்தை நினைவில் வையுங்கள்: 1963. சீனப் போருக்கு அடுத்த ஜனவரி, தங்கக் கட்டுப்பாட்டு விதி வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். ஆசாரிமார் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1968இல் அது சட்டமாகி, 1990 வரைக்கும் தங்கத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு இருந்துகொண்டே இருந்தது. தங்கத்தில் தேர்ந்த கை செம்பில் செய்த வேலை என்று எனக்குத் தோன்றும் சில உருப்படிகள் இந்தக் காலத்தவை. பணம் இருந்தால் நான் தேடித் தேடி வாங்குவது இவற்றைத்தான்.

காசுமாலையில் வருடம் பொறித்த காசு இருந்தால், மாலை அந்த வருடத்துக்கு முந்தியது இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி ரூபாயில் 1940க்கு முன்பு 91.7 சதவீதம் வெள்ளி, அதன் பிறகு பாதியாகக் குறைத்தார்கள், 1947இல் நிக்கலுக்கே போய்விட்டது. காசின் மேல் முலாம் பூசிக் கோத்த மாலைகளில் இது உதவும்.

எங்கே, எப்படி வாங்குவது

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு. பங்கு பிரித்த வீடுகளிலிருந்தும் இடித்த வீடுகளிலிருந்தும் வந்த தூண், கதவு, பர்மா அரக்குச் சாமான், எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம் எல்லாம் அங்கே கிடக்கும். நகை எப்போதும் முன்னால் இருக்காது, கேட்டால் ஒரு டப்பாவைத் தட்டி மேசையில் கொட்டுவார்கள். அந்த டப்பா வரும்வரை பொறுமையாக மற்றதைப் பாருங்கள். முதல் நாள் வாங்காதீர்கள். நான்கு கடை ஏறி, ஒரே மாதிரி உருப்படிக்கு ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு ஒரு உருப்படிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று நான் எனக்கு வைத்திருந்த கட்டுப்பாடு என்னைப் பல தடவை காப்பாற்றியது.

பேரம் பேசலாம், ஆனால் மட்டம் தட்டிப் பேசாதீர்கள். "இது என்ன பெரிய சாமானா" என்று சொல்லி விலை குறைப்பவருக்கு அடுத்த முறை அந்த டப்பா வெளியே வராது. கொக்கி இல்லை, ஒரு கல் இல்லை, திருகு மாற்றியது என்று உள்ளதை உள்ளபடி காட்டி, "அண்ணே, இதுக்குப் பார்த்துச் சொல்லுங்க" என்றால் போதும். கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள், தங்கம் வெள்ளி என்று வாயால் சொன்னதை அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கழுத்திரு பற்றி ஒரு வார்த்தை. முப்பதுக்கும் மேற்பட்ட உருப்படிகளை மஞ்சள் நூலில் கோத்து, கல்யாணத்திலும் அறுபதாம் கல்யாணத்திலும் கட்டுவது அது, நகரத்தார் வீட்டுத் தாலி. கவரிங்கில் செய்த கழுத்திரு இப்போது கிடைக்கிறது, படம் எடுக்கவும் மேடைக்கும் வாங்குகிறார்கள். அலங்காரத்துக்கு அதைப் போடுவதற்கு முன் அது யாருக்கு என்ன என்று தெரிந்து போடுங்கள். என் மனசுக்கு ஒப்பாததால் நான் வாங்குவதில்லை.

சாமி நகை என்று யாராவது காட்டினால் கையில்கூட எடுக்காமல் வந்துவிடுங்கள், எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருளாகிவிடும், அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நூறு வருடத்துச் சாமான் என்று பெருமையாக ரசீதில் எழுதி வாங்கியது விமான நிலையத்தில் உங்களுக்கே வினையாகலாம்.

வாங்கி வந்த பிறகு

நான் முதலில் வாங்கிய கெம்பு அட்டிகையைப் புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதுதானே என்று நினைத்தேன். பூச்சு பாதி போனது, அதைவிட மோசம், இரண்டே நாளில் கல்லெல்லாம் கறுத்துவிட்டது. பின்பக்கம் மூடிய கட்டடத்தில் கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளப்புத் தாள் வைத்திருப்பார்கள், கல்லின் நிறமே அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் ஓரமாக உள்ளே இறங்கினால் தாள் கறுத்துவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை, "கவரிங்க துடைக்கணும்த்தா, தேய்க்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே: புளி, பூந்திக்கொட்டை, பல்பொடி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். குழந்தைக்குப் பயன்படுத்தும் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டலாம். போடும் நாளில் சென்ட், பவுடர் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக நகை, கழற்றும்போது முதலில் நகை. செட்டிநாட்டு வெயிலில் வியர்வைதான் பூச்சுக்குப் பெரிய எதிரி, ஆகவே கழற்றியதும் துடைத்து, ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, அப்புறம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அரக்கு அடைத்தவற்றை வெயிலிலோ காருக்குள்ளோ விடாதீர்கள், இளகிவிடும். காது அரித்தால் பெரும்பாலும் நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், அந்த ஜோடியைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப முலாம் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தினமும் போடப் போகிறீர்கள், சாதாரண உருப்படி என்றால் பூசுங்கள். தகடு போர்த்திய பழைய வேலை என்றால் வேண்டாம், பூசியதும் அந்தத் தேய்மானம் சொன்ன கதை எல்லாம் மூடிவிடும். கோத்த நூல் மட்டும் நைந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள், பழைய நூலை எறியாமல் அதே பொட்டலத்தில் போட்டு வையுங்கள், முடிச்சுப் போட்ட விதமும் முத்துகளின் வரிசையும் அதில் இருக்கும்.

கடைசியாக, வாங்கிய அன்று ராத்திரியே முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எனப் படம் எடுத்து, ஒரு சின்ன அட்டையில் தேதி, ஊர், விலை, விற்றவர் அதைப் பற்றிச் சொன்னது, நீங்கள் பார்த்ததில் தெரிந்தது ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி நூலில் கட்டிவிடுங்கள். அவர் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் ஒரே வரியில் கலந்து எழுதாதீர்கள். இரண்டு வருடம் கழித்து அந்த அட்டையைப் பார்க்கும்போது எது எது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.